குடித்துவிட்டு ஓட்டாதே என்று சொல்லும் பலகை: யாருக்கு, எங்கே, எவ்வளவு பெரிதாக?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்கச் சாலையோரம் பலகைகள் வைக்க ஒரு தன்னார்வக் குழு கிளம்பியிருக்கிறது. வாசகம், நிறம், அளவு, வைக்கும் இடம் ஆகியவற்றை எப்படி முடிவு செய்வது என்பது கேள்வி. பெரும்பாலானவர்கள் வாசகத்தில்தான் தொடங்குவார்கள். எதுகை மோனையோடு நான்கு வரி எழுதி, மண்டை ஓடு ஒன்றை வரைந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் நட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்தப் பலகையால் எந்தப் பயனும் இருக்காது. முதலில் முடிவு செய்ய வேண்டியது, இதைப் படிக்கப்போகிறவர் யார், படிக்கும் நேரத்தில் அவர் குடித்திருப்பாரா இல்லையா என்பதுதான். அதைத் தீர்மானித்துவிட்டால் அளவு, இடம், வாசகம் மூன்றும் கிட்டத்தட்டத் தாமாகவே வந்துவிடும்.

போதையில் ஓட்டுகிறவர்தான் உலகத்திலேயே மோசமான வாசகர். மது உள்ளே போனதும் கவனம் சுருங்கிவிடுகிறது. கண்ணெதிரே பளிச்சென்று நிற்பது மட்டும் பிடிபடும். சற்றுத் தள்ளி இருப்பதும், நாளைக்கு என்ன ஆகும் என்பதும் மனத்தில் ஏறாது. ஸ்டீல், ஜோசஃப்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் இதை மதுவால் வரும் கிட்டப்பார்வை என்றே விவரித்தார்கள். பார்வை வண்டிக்கு முன்னால் உள்ள தார்ச்சாலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. எதிர் வண்டியின் ஹெட்லைட்டில் கூசிய கண் தெளிவதற்கும் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கிறது. அமெரிக்காவில் தவறான திசையில் நெடுஞ்சாலைக்குள் நுழைகிறவர்களுக்கான எச்சரிக்கைப் பலகைகளைச் சில இடங்களில் வேண்டுமென்றே தாழ்வாக, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைக்க அனுமதிப்பதற்குக் காரணம் இதுதான். அப்படி நுழைகிறவர்களில் நிறையப் பேர் குடித்திருப்பார்கள், அவர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை.

ஆகவே ராத்திரி பதினொரு மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற குடிகாரரிடம் 'குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்' என்று சொல்வது காலம் கடந்த பேச்சு. அந்த முடிவை அவர் எப்போதோ எடுத்துவிட்டார். பலகை பேச வேண்டிய இடங்கள் வேறு. ஒன்று, இன்னும் குடிக்காதவர் குடிக்கப் போகிற வழி: மதுக்கூடத்தின் பார்க்கிங் நுழைவாயில், திருமண மண்டபத்துக்குத் திரும்பும் முனை. இரண்டு, குடித்தவர் வண்டியை எடுக்கும் இடம்: பார்க்கிங்கின் வெளிவாசல். மூன்று, குடிக்காத மற்றவர்கள்: பக்கத்து இருக்கையில் இருப்பவர், பின்னால் வரும் வண்டிக்காரர், வாசலில் நிற்கும் காவலாளி. இந்த மூன்றாமவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தெளிந்த மூளையோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். சாவியைப் பிடுங்கவோ போலீஸுக்குச் சொல்லவோ அவரால் முடியும். கலிபோர்னியாவில் நெடுஞ்சாலைப் பலகைகள், குடித்தவர் ஓட்டுவதைக் கண்டால் 911க்குச் சொல்லச் சொல்கின்றன. அது நேராக அவருக்கு எழுதிய வாசகம். உங்கள் பலகையிலும் அவசர எண்ணைப் பெரிதாகப் போடலாம். 'வண்டியை நிறுத்திவிட்டு அழைக்கவும்' என்பதையும் கூடவே போடுங்கள்.

நான்காவதாக இன்னொருவரும் உண்டு. முந்தின ராத்திரி குடித்துவிட்டு, தூங்கி எழுந்து, தெளிந்துவிட்டதாக நம்பிக் காலையில் சாவியை எடுப்பவர். ரத்தத்திலுள்ள ஆல்கஹால் சராசரியாக மணிக்கு 0.015 சதவீதம்தான் இறங்கும். நள்ளிரவில் 0.12 இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கும் 0.03 மிச்சம் இருக்கும். முழுக்க இறங்க எட்டு மணி ஆகிவிடும். காபியோ குளிர்ந்த தண்ணீர்க் குளியலோ இதை ஒரு நிமிடம்கூட முன்னே தள்ளாது. தங்கும் விடுதிகளின் வெளிவாசலில் 'ராத்திரி குடித்தது இன்னும் இறங்கவில்லை' என்று ஒரு பலகை வைத்தால், வேறு எந்தப் பலகையும் தொடாத ஆளை அது தொடும்.

வாசகத்துக்கு வருவோம். தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற எண்ணம்தான் ஆளைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரில் எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனை தொடங்கியதும் சாலை மரணங்கள் சட்டென்று குறைந்தன. யாரை வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம். எனவே 'இந்தச் சாலையில் மூச்சுச் சோதனை உண்டு' என்ற வாசகம் 'சிறைத் தண்டனை, கடும் அபராதம்' என்பதைவிட வலுவானது. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். சோதனையே நடக்காத சாலையில் இதை எழுதி வைத்தால், தினமும் அந்த வழியே போகிறவர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள்; பிறகு நீங்கள் வைக்கும் எந்தப் பலகையையும் நம்பமாட்டார்கள். காவல்துறையிடம் பேசி, பலகை வைத்த முதல் வாரத்திலேயே அங்கே சோதனை நடக்க ஏற்பாடு செய்யுங்கள். முடியாது என்றால் அந்த வாசகத்தை விட்டுவிடுங்கள்.

சாவு எண்ணிக்கை போடலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். போடாதீர்கள். டெக்ஸாஸில் 2012இலிருந்து மாதத்துக்கு ஒரு வாரம் மின்னணுப் பலகைகளில் அந்த ஆண்டின் சாலை மரண எண்ணிக்கையைக் காட்டி வந்தார்கள். ஜோனதன் ஹால், ஜோஷுவா மேட்சன் இருவரும் அந்தத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு: அந்த வாரங்களில் பலகையைத் தாண்டிய பத்து கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 சதவீதம் கூடியிருந்தன. எண்ணிக்கை பெரிதாகப் பெரிதாக விளைவும் மோசமானது. ஓட்டிக்கொண்டிருப்பவர் மனத்தில் மரணத்தைத் தூக்கிப் போட்டால் அவர் சில நொடிகள் அதிலேயே நின்றுவிடுகிறார், சாலை கைநழுவுகிறது. ரத்தம், சடலம், நொறுங்கிய கார் ஆகிய படங்களுக்கும் நான் இதே காரணத்தைத்தான் சொல்வேன். பயமுறுத்திவிட்டு, தப்பிக்கும் வழியைச் சொல்லாமல் விட்டால் ஆள் பயத்தை உதறுவான். நடத்தையை மாற்றிக்கொள்ள மாட்டான்.

'தினமும் ஆயிரக்கணக்கானோர் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள்' என்ற தோரணையும் கூடாது. அமெரிக்காவில் கல்லாகிப்போன பழைய மரங்கள் உள்ள ஒரு தேசியப் பூங்காவில், உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் இரண்டு விதப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். 'எடுக்காதீர்கள்' என்று நேராகச் சொன்ன பலகை இருந்தபோது அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 1.67 சதவீதம் திருடுபோனது. 'முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துப் போயிருக்கிறார்கள்' என்று வருத்தப்பட்ட பலகை இருந்தபோது 7.92 சதவீதம் போனது. எல்லோரும் செய்கிறார்கள் என்று சொன்னாலே அது அனுமதி மாதிரி ஆகிவிடுகிறது.

சட்ட வரம்பையும் பலகையில் போட வேண்டாம். அது நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவில் 0.03, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 0.05, அமெரிக்க மாநிலங்களில் யூட்டா நீங்கலாக 0.08. எண்ணைப் பார்த்ததும் ஆள் கிளாஸ்களை எண்ண ஆரம்பித்துவிடுவார், 'இரண்டோடு நிறுத்திவிட்டேன், நான் வரம்புக்குள்' என்று. 0.05இலேயே விபத்து வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு, 0.08இல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அவரைக் கணக்குப் போட வைக்கவே கூடாது.

நல்ல வாசகம் ஒரு செயலைச் சொல்லும். அதைச் செய்ய வழியும் அங்கேயே இருக்கும். 'குடிக்கும் முன் சாவியைக் கொடு' என்பது நுழைவாயிலுக்கு. 'குடித்தவரை ஓட்ட விடாதீர்' என்பது கூட இருப்பவருக்கு. 'குடித்தீர்களா? சாவியை இங்கே விடுங்கள். வண்டி காலையில்' என்பது வெளிவாசலுக்கு. இதை எழுதினால் சாவி வாங்க அங்கே ஆளும் பூட்டிய பெட்டியும் இருந்தாக வேண்டும், ராத்திரி முழுக்க வண்டி நிற்க இடமும் வேண்டும். பெல்ஜியத்தில் 1995இல், அன்றைக்குக் குடிக்காமல் எல்லோரையும் வீட்டில் விடுகிறவருக்கு 'பாப்' என்று ஒரு செல்லப்பெயர் வைத்துப் பிரசாரம் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பெயர் போதுமானதாக இருந்ததால் பலகையில் இடமும் மிச்சம், 'இன்னைக்கு யார் பாப்?' என்று பேச்சிலும் புழங்கியது. உங்கள் வட்டாரத்தில் இப்படி வாயில் ஏறக்கூடிய ஒரு சொல் கிடைத்தால் பத்து வாசகத்துக்குச் சமம்.

இனி அளவு. இங்கேதான் முக்கால்வாசிப் பலகைகள் தோற்கின்றன, அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

படிக்க ஆகும் நேரத்துக்கு ஒரு நடைமுறைச் சூத்திரம் உண்டு: சொற்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து இரண்டைக் கூட்டினால் நொடிகள். நான்கு சொல் வாசகத்துக்கு 3.3 நொடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகும். ஆக 73 மீட்டர். இதோடு முடியவில்லை. பலகை ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் விலகினால் அவர் தலையைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். பலகை ஐந்து மீட்டர் பக்கவாட்டில் இருந்தால் கடைசி 28 மீட்டர் வீண். மொத்தம் ஏறக்குறைய 100 மீட்டர் தூரத்திலிருந்தே எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.6 மீட்டர் தூரம் என்று கொள்வார்கள். தமிழ் எழுத்தில் வளைவும் சுழியும் நெருக்கம், ஆகவே 2.5 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அப்படியென்றால் 'ப' எழுத்தின் உயரம் மட்டும் 40 சென்டிமீட்டர். 'குடித்தவரை / ஓட்ட விடாதீர்' என்ற இரண்டு வரிக்கே பலகை நான்கு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கேட்கும். அதைவிடச் சின்னதாக நெடுஞ்சாலையில் வைப்பது காசைக் கொட்டுவதுதான்.

பார்க்கிங் வெளிவாசலில் கதையே வேறு. வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது, நொடிக்கு 2.8 மீட்டர். ஆறு சொல் படிக்க நான்கு நொடி, 11 மீட்டர். பலகை இரண்டு மீட்டர் பக்கவாட்டில் என்றால் இன்னொரு 11 மீட்டர். 22 மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் எழுத்து போதும். மேலே சொன்ன சாவி வாசகம் 1.2 மீட்டருக்கு 0.9 மீட்டர் பலகையில் நான்கு வரியாக அடங்கிவிடும். ஒரு நெடுஞ்சாலைப் பலகைக்கு ஆகும் செலவில் இப்படிப் பல பலகைகளை, சரியான ஆள் சரியான நேரத்தில் நிற்கும் இடங்களிலேயே வைக்கலாம். என் பரிந்துரை, பணத்தின் பெரும்பங்கை வேகம் குறைவான இந்த இடங்களில் போடுங்கள்.

எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது புள்ளியைக் கவனியுங்கள். திரையில் அழகாக இருக்கும் எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறிதாகவும் எழுத்தோடு ஒட்டியும் இருக்கும். இரவில் ஹெட்லைட் பட்டுப் பலகை ஒளிரும்போது வெளிச்சம் கசிந்து புள்ளியை விழுங்கிவிடும். 'ஓட்டாதீர்' என்பது 'ஓடடாதீர' என்று தெரியும். புள்ளியின் விட்டம் கோட்டின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதலாகவும், எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே இடைவெளி குறைந்தது ஒரு கோட்டுத் தடிமனாகவும் இருக்கட்டும். கோட்டின் தடிமன் எழுத்து உயரத்தில் ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோ. கருநீலத்தில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் கொஞ்சம் மெலிதாக, ஏனென்றால் வெள்ளைதான் கசியும். நிழல், சாய்வு, வெளிக்கோடு எதுவும் வேண்டாம்.

நிறத்தில் அடிக்கடி நடக்கும் தவறு கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பகலில் மிரட்டும், ராத்திரி காணாமல் போகும். ஒளியைத் திருப்பி அனுப்பும் ரெஃப்ளெக்டிவ் ஷீட்டில் சிவப்பு திருப்பும் வெளிச்சம் வெள்ளையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். கறுப்பு ஒன்றுமே திருப்பாது. இந்த ஷீட்டுகளுக்கான ஏ.எஸ்.டி.எம். டி4956 என்ற அமெரிக்கத் தர அளவீட்டில், ஒளியைத் திருப்பும் திறன் முதல் வகை ஷீட்டின் வெள்ளைக்கு 70, சிவப்புக்கு 14 என்று இருக்கும். நான்காம் வகையில் வெள்ளையே 360. வெள்ளையில் கறுப்பு, அல்லது நீலத்தில் வெள்ளை எடுங்கள். சிவப்பைச் சாவியோ பாட்டிலோ போன்ற ஒரே படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் படிக்க வேண்டிய பலகைக்கு நான்காம் வகைக்குக் கீழே போகாதீர்கள். ஃப்ளெக்ஸில் அச்சடித்தால் ராத்திரி ஒன்றும் தெரியாது, முதல் பெரிய காற்றில் கிழியும். நல்ல ஷீட் வாங்கி அதன்மேல் சாதாரண பெயின்டில் எழுதுவதும் அதே தவறுதான். நிறத்துக்கு ஒளி ஊடுருவும் மையோ மேலே ஒட்டும் நிறப்படலமோ வேண்டும். கறுப்புக்கு மட்டும் எதுவானாலும் சரி.

சிவப்பு வளையம், முக்கோணம், எண்கோணம் ஆகிய வடிவங்களைத் தொடாதீர்கள். அவை சட்டப்படியான போக்குவரத்துக் குறிகள். விழிப்புணர்வுப் பலகை அந்த வேடம் போட்டால் ஓட்டுநர் குழம்புவார், சாலை அதிகாரிகளும் பிடுங்கிவிடுவார்கள். பாட்டில் மேல் குறுக்குக்கோடு போடும் படமும் தூரத்தில் வெறும் சிவப்புக் கீற்றாகத் தெரியும். எல்இடி பலகை என்றால் மினுக்கலும் அசைவும் கூடாது, ஒரு திரை குறைந்தது இரண்டு நொடி நிற்க வேண்டும், இரண்டு திரைக்கு மேல் வேண்டாம், இரவில் வெளிச்சம் தானாகக் குறைய வேண்டும்.

நடுவது. சாலையின் உரிமை யாரிடமோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். வளைவு, சந்திப்பு, ரயில்வே கேட் அருகே கூடாது. மற்ற பலகைகளிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி. நடமாட்டம் உள்ள இடத்தில் பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர். சாலைக்கு நேர்செங்குத்தாக வைத்தால் ஹெட்லைட் கண்ணாடி போல் திருப்பி அடிக்கும். ஐந்து டிகிரி வெளிப்புறமாகத் திருப்புங்கள். தகடு 2 மில்லிமீட்டர் அலுமினியம். காற்று நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் அடித்தால் அந்த 1.2க்கு 0.9 பலகையின் மேல் 130 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். இரண்டு கம்பங்கள் தேவை, ஒவ்வொன்றுக்கும் 45 சென்டிமீட்டர் சதுரத்தில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட் என்பது குறைந்தபட்சம், இளகிய மண்ணில் 90 சென்டிமீட்டர். நெடுஞ்சாலையின் எட்டுச் சதுர மீட்டர் பலகைக்கு இதே காற்றில் ஏறக்குறைய ஒரு டன் தாக்கும், அதைக் கட்டுமானப் பொறியாளர் கையெழுத்தில்லாமல் நடக் கூடாது. வேகமான சாலையில் கம்பம் மோதினால் முறிந்து விழும் வகையாகவோ தடுப்பு வேலிக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். குடித்தவர் தடம் மாறி வந்து நம் பலகைக் கம்பத்திலேயே மோதிச் சாகக் கூடாது. இரும்பு போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷர் போடுங்கள், இல்லையேல் துருவும் அரிப்பும் சேர்ந்து ஓட்டையைப் பெரிதாக்கும்.

தயாரிக்கக் கொடுக்கும் முன் ஒரு சோதனை, செலவே இல்லாதது. 40 சென்டிமீட்டர் எழுத்தை 100 மீட்டரில் பார்ப்பதும் 1.2 சென்டிமீட்டர் எழுத்தை 3 மீட்டரில் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். வடிவமைப்பை அந்த அளவில் காகிதத்தில் அச்சடித்து, குழுவுக்குச் சம்பந்தமில்லாத இருபது பேருக்குச் சூத்திரம் சொன்ன நொடிகள் மட்டும் காட்டி மூடிவிடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும், அதிகம் படிக்காதவர்களும் அதில் இருக்கட்டும். 'என்ன எழுதியிருந்தது?' என்று கேட்காதீர்கள், 'என்ன செய்யச் சொன்னது?' என்று கேளுங்கள். மூன்று பேர் தடுமாறினாலே வாசகத்தை மாற்றுங்கள். இரவுக்கு, ஷீட்டின் ஒரு துண்டில் உண்மையான அளவு எழுத்தை ஒட்டி, இருட்டில் உண்மையான தூரத்தில் வைத்து, காரின் டிம் லைட்டில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாருங்கள்.

வைத்த பிறகு, வருடத்துக்கு இரண்டு முறை தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவுங்கள், முன்னால் வளரும் கிளைகளை வெட்டுங்கள். தினமும் அதே வழியில் போகிறவர் கண்ணுக்குச் சில மாதத்தில் பலகை மறைந்துபோகும்; எனவே கம்பத்தையும் சட்டகத்தையும் நிலையாக வைத்து, தகட்டை மட்டும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேறு இடத்துத் தகட்டோடு மாற்றுங்கள். பலன் தெரிந்ததா என்பதற்கு மரணக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஒரு சாலையில் சில மாதங்களுக்குள் அந்த எண்ணிக்கை தற்செயலாகவே ஏறி இறங்கும். வெளிவாசலில் எத்தனை சாவி விடப்பட்டது, எத்தனை வண்டி விடியும்வரை அங்கேயே நின்றது, எத்தனை டாக்ஸி அழைக்கப்பட்டது, சோதனையில் ஊதிய நூறு பேரில் எத்தனை பேர் மாட்டினார்கள் என்று பலகை வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரவாரம் குறித்து வாருங்கள். பலகை வைக்காத இன்னொரு இடத்திலும் அதையே குறியுங்கள்.